வட்டவடை: மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பஞ்சாயத்து

வியாழன்: போடியிலிருந்து கோவிலூர்

போடியில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைச்சுவரின் உச்சியில் டாப் ஸ்டேஷன், அதற்குப் பின்னால் வட்டவடை. நேர்கோட்டில் பக்கம்தான். சாலை வழியாகப் போனால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளை என்று சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும், மூணாறிலிருந்து மட்டுமே சுமார் 45 கிலோமீட்டர்.

இந்த ஊர் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா, ஊர் முழுக்கத் தமிழ் பேசும் விவசாயிகள், ஆனால் நடப்பது கேரளப் பஞ்சாயத்து. ஊராட்சி என்றால் தெருவிளக்கும் குடிதண்ணீரும் என்று பழகிப்போனவன் நான். அங்கே பஞ்சாயத்து என்னவெல்லாம் செய்கிறது, எது அதன் கைக்கு எட்டாமல் நிற்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம், ஆகஸ்ட் 2025, கிளம்பிவிட்டேன்.

மூணாறைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. இந்தத் தேயிலைக் காட்டில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, லயத்து வீடு, எஸ்டேட் வேலை, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியதிலிருந்து வருகிற கதை அது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில்கூட ஓடியிருக்கிறது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-ல் சிறிய ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, அப்புறம் யாரும் திரும்பப் போடவில்லை.

டாப் ஸ்டேஷனில் மாநில எல்லை காலடியிலேயே ஓடுகிறது, காட்சிமுனைப் பக்கம் தேனி மாவட்டம். அதைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி, பெயர் விவரம் எழுதிக்கொண்டு விடுகிறார்கள். உள்ளே பாம்பாடும் சோலை, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, மொத்தமே 1.32 சதுர கிலோமீட்டர். ஜீப் கண்ணாடியை இறக்கினால் ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாசனை, பாசி படிந்த மரங்களில் கருமந்திகள். வட்டவடைக்காரர்களுக்கு மூணாறு போக இதுதான் பாதை. அதாவது ஒரு பஞ்சாயத்தின் தலைவாசல் வனத்துறை கையில் இருக்கிறது. இதை முதல் நாளே மனதில் குறித்துக்கொண்டேன்.

காடு முடிந்து ஒரு வளைவு திரும்பியதும் சட்டென்று நிலம் மாறிவிடுகிறது. தேயிலை ஒரு செடி இல்லை. மலையை அடிவாரம் வரை படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். இவை பட்டா உள்ள விவசாயிகளின் நிலங்கள். மூணாறுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் உயரமோ குளிரோ அல்ல, மண் யாருக்குச் சொந்தம் என்பதுதான். கோவிலூர்தான் இப்போதைய கடைவீதி, ஜீப் ஸ்டாண்டு, எல்லாம். ஒரு அக்கா வீட்டு மாடியில் அறை கிடைத்தது. ராத்திரி சுடுதண்ணீரும் கஞ்சியும் கொடுத்தார்.

வெள்ளி: பஞ்சாயத்து ஆபீஸ்

காலை பத்தரைக்கு உள்ளே போனேன். அறிவிப்புப் பலகையில் மலையாளத்துக்குப் பக்கத்தில் தமிழும் இருந்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்தபோதே தமிழ், கன்னட சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள உரிமை கொடுத்திருக்கிறது. சட்டத்தில் இருப்பதெல்லாம் மேசையில் கிடைத்துவிடாது என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். பஞ்சாயத்து வரை தமிழ் சரி, தாலுகா, ஜில்லா என்று மேலே போகப் போக எல்லாம் மலையாளம், கையெழுத்துப் போடுமுன் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அதைப் பற்றி நம் பக்கம் எழுபது வருடமாக மேடையில் பேசுகிறோம். ஆனால் அங்கே இருக்கிற தமிழர்கள் எந்த மாதிரி உள்ளாட்சியில் வாழ்கிறார்கள் என்று யாரும் பேசுவதில்லை. அதனால் நான் பார்த்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். கேரளத்தில் வார்டு மெம்பரே கட்சிச் சின்னத்தில்தான் நிற்கிறார், மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் அங்கே தலைவர் தனிக்காட்டு ராஜா இல்லை, பெரும்பான்மை போனால் நாற்காலியும் போகும். நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம் மற்றும் கல்வி என்று நிலைக்குழுக்கள் உண்டு, துணைத்தலைவர்தான் நிதிக்குழுவுக்குத் தலைவர். பாதி இடம் பெண்களுக்கு, 2010 தேர்தலிலிருந்தே.

கிராமசபை இன்னும் வித்தியாசம். நம் ஊரில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று ஊராட்சிக்கு ஒரே கூட்டமாகக் கூட்டுகிறோம், இப்போது உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்திருக்கின்றன. கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் தனிக் கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும், கூட்ட வேண்டியது வார்டு மெம்பர், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தாக வேண்டும். யாருக்கு வீடு, யாருக்கு ஆடு, யாருக்குக் கிணறு என்ற பயனாளிப் பட்டியல் அந்தக் கூட்டத்தின் வழியாகத்தான் போகிறது. ஒரு வார்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஓட்டு வீடு இருக்கிறவர் குடிசை என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே எழுந்து கேட்டுவிடுவார்கள்.

ஆனால் என்னை அசரவைத்தது இதெல்லாம் இல்லை. பஞ்சாயத்தின் கீழ் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்தான். கிருஷி பவன் என்கிற வேளாண்மை ஆபீஸ், மிருக ஆஸ்பத்திரி, ஆரோக்கிய மையம், அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி. 1990-களில் இவற்றைக் கேரளம் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தது. 1996-ல் மக்கள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே தருவதாக முடிவெடுத்தார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருக்கும், வாத்தியாரிடம் ஊராட்சி எதுவும் கேட்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்றால் நம் தலைவர் மனு எழுதுவார். இங்கே மருந்து வாங்கப் பஞ்சாயத்தே தன் திட்டத்தில் பணம் ஒதுக்கலாம். கல்யாணப் பதிவுகூட இங்கே பஞ்சாயத்தில்தான், நான் நின்றிருந்தபோதே ஒரு புது ஜோடி, மாலை வாடாமல், சாட்சிகளோடு வந்து நின்றது. நாம் சார்பதிவாளர் ஆபீசுக்கு அலைகிறோம்.

அதிகாரத்தைக் கீழே இறக்கிக் கொடுத்தால் கிராமத்துக்காரர்களுக்கு நடத்தத் தெரியாது என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வட்டவடையில் நடத்துகிறவர்களும் தமிழ் விவசாயிகள்தான், நம் பங்காளிகள்தான்.

மத்தியானம் பஞ்சாயத்து நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 2018 ஜூலையில் குத்திக் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யு இந்தப் பஞ்சாயத்தின் பிள்ளை. வயது இருபது. அவர் நினைவாக வைத்த நூலகத்துக்குக் கேரளம் முழுவதிலிருந்தும் ஆட்கள் புத்தகம் அனுப்பினார்கள். அலமாரியில் மலையாளப் புத்தகங்களே அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் யாராவது கட்டுக்கட்டாக அனுப்பினால் நன்றாக இருக்கும், படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சனி: பூண்டும் கிராண்டிஸும்

காலையில் அக்கா குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்குக் கிளம்பினார். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பத்து இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தது ஒரு அயல்கூட்டம், அதற்கு மேல் வார்டு அளவில் ஒன்று, பஞ்சாயத்து அளவில் ஒன்று. நம் ஊர் மகளிர் குழு மாதிரிதான், ஆனால் பஞ்சாயத்தோடு கட்டிப்போட்டது. வார்டில் என்ன வேண்டும் என்று அயல்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டுத்தான் பெண்கள் கிராமசபைக்கே போகிறார்கள். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த கியூஆர் வில்லையைக் காட்டி, ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒரு முறை வந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, அதை ஸ்கேன் செய்துவிட்டுப் போவார்கள் என்றார். அதற்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய். செங்குத்தான படிக்கட்டுகளில் மூட்டையைச் சுமந்து இறங்குகிற அந்தப் பெண்களுக்கு இன்னும் கூடக் கொடுக்கலாம்.

அப்புறம் பழத்தோட்டம் என்கிற இடத்துப் பக்கம் நடந்தேன். ஒரு அண்ணன் பூண்டைப் பிடுங்கித் தாளோடு கட்டிப் பரப்பியிருந்தார். அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை ஏற்றினால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு பல்லை நசுக்கி என் கையில் வைத்தார். பல் சிறிசு, ஆனால் காரம் மூக்கில் ஏறியது, சாயங்காலம் சோறு சாப்பிடும்போதும் விரலில் வாசனை போகவில்லை. காந்தல்லூர் வட்டவடை பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே மலைத்தொடரின் அந்தப் பக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே கிடைத்துவிட்டது. நடுவில் இருப்பது ஒரு மாநில எல்லை மட்டும்தான்.

குறியீடு இருக்கிறது, விலை? ஓணச் சந்தைக்குக் காய்கறி போகிற நேரம் இது, வருடத்தில் நல்ல காசு பார்க்க வேண்டிய மாதம். அரசுக் கொள்முதலில் கொடுத்தால் விலை பரவாயில்லை, பணம் வர மாதங்கள் ஆகிறது என்றார் அண்ணன். தமிழ்நாட்டு வியாபாரி விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறார், அறுத்ததும் அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கிருஷி பவன் விதை கொடுக்கும், மானியம் கொடுக்கும். முன்பணத்தை அடைக்கிற வழி அங்கே இல்லை.

மேட்டு நிலமெல்லாம் கிராண்டிஸ். தைல மரத்தில் ஒரு வகை, நெடுநெடுவென்று வளரும், கூழுக்கும் பெட்டிக்கும் விற்கலாம். வெளியூரில் இருந்துகொண்டு நிலம் வாங்கியவர்களுக்கு வசதி, நட்டுவிட்டுப் போய்விடலாம், ஆள் வைக்க வேண்டாம். கீழே இருக்கிறவர்களுக்கோ ஊற்று வற்றிப்போகிறது. முன்பு கோடையிலும் ஓடிய வாய்க்கால்கள் இப்போது தை தாண்டினால் நிற்கின்றன என்று நான் கேட்ட எல்லோருமே சொன்னார்கள். வெட்டித் தள்ளிவிட்டுக் காய்கறிக்குத் திரும்ப நினைக்கிற விவசாயிக்கும் சுலபம் இல்லை, மரம் வெட்ட அனுமதி வேண்டும், அது பஞ்சாயத்தில் கிடைக்காது. வருவாய்த்துறை, வனத்துறை என்று தேவிகுளத்துக்கு நடக்க வேண்டும்.

குறிஞ்சி சரணாலயமும் இங்கேதான். 2006-ல், குறிஞ்சி பூத்த வருடத்தில், கொட்டாக்கொம்பூர், வட்டவடை கிராமங்களின் பிளாக் 58, 62 நிலங்களைச் சேர்த்து சுமார் 32 சதுர கிலோமீட்டர் அறிவித்தார்கள். அதற்குள் பட்டா நிலமும் மாட்டிக்கொண்டது. எது அசல் பட்டா, எது போலி, எல்லைக்கல்லை எங்கே நடுவது என்று வருடக்கணக்கில் இழுத்தார்கள். நடுவே 2018-ல் குறிஞ்சி ஒரு முறை பூத்தும் முடிந்துவிட்டது. போலிப் பட்டா போட்டவர்களை வெளியேற்றத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கிழங்கு போட்டவன் அதற்காகத் தன் நிலத்தில் பயந்துகொண்டு நிற்கக் கூடாது.

ஞாயிறு: சிலந்தியாறு

மழைத் தூறலில் சிலந்தியாறு அருவிக்குப் போனோம். ஜீப் ஓட்டிய தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், வழி நெடுக வார்டு எல்லையைப் பற்றியே பேசினான். 2025 கடைசியில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல், அதற்காக மாநிலம் முழுக்க வார்டுகளை மாற்றி வரைந்திருக்கிறார்கள். யார் வீடு எந்த வார்டில் விழுந்தது என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

கேரளத்தின் ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன, கபினி, பவானி, பாம்பாறு மூன்றுதான் கிழக்கே வருகின்றன. வட்டவடை இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், அதனால் இங்கே பெய்கிற மழை பாம்பாறு வழியாக அமராவதி அணைக்கு வந்து, திருப்பூர், கரூர் வயல்களில் பாய்ந்து, காவிரியில் சேர்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்குக் கொடுத்த 30 டிஎம்சியில் பாம்பாற்றின் பங்கு 3.

2024 மே மாதம் பெருகடா பகுதியில் சிலந்தியாற்றின் குறுக்கே கேரளம் தடுப்பணை கட்டுகிறது என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம். உடுமலைப் பக்க விவசாயிகள் கொதித்தார்கள், தமிழக முதல்வர் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. கேரளத் தரப்பு அது குடிநீருக்கான சின்னத் தடுப்பு என்றது. நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அமராவதிக்காரர்களின் பயம் நியாயமானது, அனுமதி வாங்காமல் ஆற்றில் கை வைக்கக் கூடாது. அதே நேரம், ஆற்றின் தலைமாட்டில் இருந்துகொண்டு மாசி, பங்குனியில் குடத்தோடு நிற்கிற பெண்களும் தமிழர்கள்தான், அவர்கள் குடிக்கிற தண்ணீரால் அமராவதி வற்றிவிடாது. மேட்டில் உள்ள கிராண்டிஸை எடுத்து ஊற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் வட்டவடைக்கும் தண்ணீர் கிடைக்கும், அமராவதிக்கும் கிடைக்கும். அதைப் பேச இரண்டு அரசும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், இந்தப் பஞ்சாயத்தையும் அமராவதிப் பாசன விவசாயிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் போதும்.

திரும்பி வரும்போது முதுவான் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றின் பக்கம் போனோம், உள்ளே போகவில்லை, அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. முதுவான் மக்களுக்கென்றே 2010-ல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து இடமலைக்குடியை உண்டாக்கினார்கள், கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. நல்ல முடிவு. ஆனால் சாலை இல்லாததால் பல வருடம் அதன் ஆபீஸ் தேவிகுளத்தில்தான் இயங்கியது. ஒரு சான்றிதழுக்குக் காடு இறங்கி நாள் முழுக்க நடக்க வேண்டும் என்றால் பஞ்சாயத்து கிடைத்தும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

திங்கள்: கடவரி

கோவிலூரிலிருந்து கொட்டாக்கொம்பூர் வழியாகக் கடவரி வரை ஜீப். சாலை என்று சொல்ல முடியாது, கல்லும் சேறும். கடவரி தாண்டினால் தமிழ்நாடு, எதிர்ச் சரிவில் கொடைக்கானல் மேல்மலையின் கடைசி ஊரான கிளாவரை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று அந்தப் பக்கமும் இதே கேரட், இதே பூண்டு. பெண் கொடுத்து எடுத்த சொந்தமெல்லாம் அங்கே உண்டு. நடந்தால் சில மணி நேரம், வண்டியில் போவதென்றால் மூணாறு, போடி, வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று ஒரு முழு நாள். கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் நடுவே பேரிஜம் வழியாக உலகப் போர்க் காலத்துச் சாலை ஒன்று உண்டு, 1990-லிருந்து அதில் போக்குவரத்து இல்லை, வனத்துறை மூடிவிட்டது. காட்டைக் கெடுத்துப் பெரிய ரோடு போட வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் கடவரியிலிருந்து கிளாவரைக்கு உள்ளூர்க்காரர்களின் ஜீப்பும் ஆம்புலன்ஸும் மட்டும் போக ஒரு பாதையைச் சரி செய்து கொடுப்பதால் எந்தக் காடும் அழியாது. பஞ்சாயத்து தீர்மானம் போடலாம், அதற்கு மேல் அதனால் முடியாது, இரண்டு மாநிலமும் இரண்டு வனத்துறையும் கையெழுத்துப் போட வேண்டும்.

டீக்கடைத் திண்ணையில் ஒரு தாத்தா, உங்கள் ஊரில் பிரசிடென்ட் யார், எந்தக் கட்சி என்று விசாரித்தார். எங்கள் ஊரில் இப்போது யாரும் இல்லை தாத்தா, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது, இன்னும் தேர்தல் நடத்தவில்லை, தனி அலுவலர் பார்க்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். மெம்பர்கூட இல்லையா என்றார். மெம்பரும் இல்லை. கிளாவரையிலும் அப்படித்தான், அங்கே குழாய் உடைந்தால் கேட்க நாதியில்லை, இரண்டு மாதம் முன்னால் தன் மருமகன் அதற்காகவே ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடைக்கானல் வரை போய்விட்டு வந்தார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கடவரியில் குழாய் உடைந்தால் மெம்பருக்கு ஒரு போன்.

வருகிற வாரம் எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், தேர்தல் எப்போது என்று கேட்டு. உங்கள் ஊரிலும் எழுதுங்கள்.